கடைசிப் பக்கத்துக்குப் பிறகு: முடிவு தெளியாத பேய் நாவலை வாசித்து விளங்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

கார்த்திகை மாதம், வெளியில் விடாத மழை. முள்ளியவளையில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் ஒன்பது பேர் இருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு எடுத்தது ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ‘த டேர்ன் ஒஃப் த ஸ்குரூ’ என்ற பேய்க் குறுநாவல். கடைசிப் பந்தியை நான் சத்தமாக வாசித்து முடித்தேன். உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி தன் போட்டோக்கொப்பிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சேர், கடைசித் தாள் விடுபட்டுப்போச்சு போல. எனக்கு அடுத்த பக்கம் இல்லை.”

மற்றவர்களும் தங்கள் கட்டைப் பார்த்தார்கள். ஒருவரிடமும் அடுத்த பக்கம் இல்லை. அப்படியொரு பக்கம் எழுதப்படவே இல்லை.

அதன் பிறகு மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் ‘பேய் இருந்தது’ என்றது, மறுபக்கம் ‘அந்தப் பொம்பிளைக்குத்தான் மனம் சரியில்லை’ என்றது. இருட்டும்வரை கதைத்தோம். ஆனால் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் உணர்ந்தேன். அவரவர் பேயை நம்புகிறாரா இல்லையா என்பதைத்தான் அன்று சொல்லியிருந்தோம்.

அந்த நாவலை அதற்குப் பிறகு மூன்று தடவை சேர்ந்து வாசித்தோம். அப்போது கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு இந்த ஒரு நாவலையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் முறை எந்தப் பேய் நாவலுக்கும் பொருந்தும். முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நாவலை வாசித்துவிட்டு வாருங்கள். ஜேம்ஸ் 1916இல் இறந்துவிட்டார், பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஃபோனிலேயே வாசிக்கலாம். ஆங்கிலம் கடினம்தான், நீண்ட நீண்ட வசனங்கள். எங்கள் வட்டத்தில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் எழுதி, அகராதியோடு உட்கார்ந்தோம். கடைசி அத்தியாயத்தை மட்டும் சொல் சொல்லாக மூலத்தில் வாசியுங்கள். மற்ற 23 அத்தியாயங்களுக்கும் சுருக்கம் போதும் என்றுகூடச் சொல்வேன்.

கதை இதுதான். ஓர் ஏழைப் பாதிரியாரின் இருபது வயது மகள், கிராமத்தில் உள்ள பிளை என்ற பெரிய மாளிகைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படிப்பிக்கும் ரீச்சராகப் போகிறாள். அவளுக்கு நாவல் முழுக்கப் பெயரே இல்லை. பிள்ளைகள் இருவர்: பத்து வயது மைல்ஸ், எட்டு வயது ஃபுளோரா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். லண்டனில் இருக்கும் பெரியப்பா, ‘எதற்கும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது’ என்ற நிபந்தனையோடுதான் வேலை கொடுக்கிறார். மாளிகையில் இரண்டு உருவங்களை அவள் காண்கிறாள். ஒன்று செத்துப்போன வேலைக்காரன் பீற்றர் குவின்ற், மற்றது செத்துப்போன பழைய ரீச்சர் மிஸ் ஜெசல். இருவரும் பிள்ளைகளைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நம்புகிறாள். கடைசியில் குவின்ற் ஜன்னலில் நிற்பதாகக் கண்டு, மைல்ஸை இறுக்கி அணைத்து, அவன் வாயால் பெயரை வரவழைக்கிறாள். பெயரைச் சொல்லிச் சிறிது நேரத்தில் பிள்ளை அவள் கையிலேயே இறந்துபோகிறான். கதை அங்கே நிற்கிறது.

முதல் படி: சந்தேகமே இல்லாததை எழுதுங்கள்

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். நடந்தது, ஒருவர் சொன்னது, நான் சேர்த்தது.

இது இலகுவாகத் தெரியும், ஆனால் எங்களுக்கு ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. எங்களோடு இருக்கும் ஓர் ஐயா ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறவர். பெரும்போகத்தில் இரவிரவாகக் காவல் கொட்டிலில் இருப்பார். அவர் சொன்ன உதாரணம்தான் எல்லோருக்கும் விளங்கியது. “கொட்டிலுக்குள்ள இருக்கேக்க கொப்பு முறியிற சத்தம் கேக்கும். நான் ஆனை எண்டு கத்துவன். ஆனா நான் கேட்டது சத்தம்தான் பிள்ளையள், ஆனையைக் காணேல்லை. விடிய எழும்பிக் காலடியைப் பாத்தாத்தான் அது ஆனையோ பண்டியோ எண்டு தெரியும்.”

கேட்டது சத்தம், சேர்த்தது யானை. நாவலில் விடியற்காலை வருவதில்லை, காலடியும் கிடைப்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

ஐயா சொன்ன முறையில் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தால் ‘நடந்தது’ என்ற நிரலில் எவ்வளவு குறைவாக வருகிறது என்று பாருங்கள். ஃபுளோராவை வீட்டுப் பொறுப்பாளர் மிசிஸ் குறோஸ் ஏற்கெனவே அழைத்துப்போய்விட்டார். ரீச்சரும் மைல்ஸும் தனியே இருக்கிறார்கள். ரீச்சர் அவனைக் கேள்வி கேட்கிறாள். தான் ஒரு கடிதத்தைத் திருடியதை ஒப்புக்கொள்கிறான். பள்ளிக்கூடத்தில் தனக்குப் பிடித்தவர்களிடம் ஏதோ சொன்னதால்தான் விலக்கப்பட்டதாகச் சொல்கிறான். அவள் கத்துகிறாள். அவன் ஒரு பெயரைச் சொல்கிறான். இறந்துபோகிறான். இவ்வளவுதான். ஜன்னலில் நின்ற முகம் ‘சொன்னது’ என்ற நிரலுக்குப் போகிறது. பிள்ளையைப் பேய் கொன்றது என்பதும் பயம் கொன்றது என்பதும் இரண்டுமே ‘நான் சேர்த்தது’. சாவுக்குக் காரணம் என்ன என்று எழுதியவர் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

இரண்டாம் படி: ‘ஆம்’ போட்டு வாசியுங்கள்

இதை நான் வேறு எந்த வழிகாட்டியிலும் கண்டதில்லை. தமிழ் வாசகருக்கு இயல்பாகக் கையில் இருக்கும் கருவி இது. ஒன்றைத் தானே கண்டால் ‘வந்தான்’ என்போம். பிறர் சொல்லக் கேட்டால் ‘வந்தானாம்’ என்போம். ‘புளியமரத்தடியில் முனி நின்றது’ என்பதற்கும் ‘நின்றதாம்’ என்பதற்கும் உள்ள தூரம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் இந்த வசதி வினையின் வாலில் இல்லை. அதனால் ரீச்சர் ‘நான் கண்டேன்’ என்று எழுதும்போது, வாசிக்கும் நாமும் அவளோடு கண்டுவிட்டதாக மயங்கிப் போகிறோம்.

ஆகவே கடைசி அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது, அவள் மட்டும் கண்டதற்கெல்லாம் ‘ஆம்’ சேருங்கள். குவின்ற் கோபுரத்தின் மேல் நின்றானாம். சாப்பாட்டறை ஜன்னலால் பார்த்தானாம். மிஸ் ஜெசல் குளத்துக்கு அப்பால் நின்றாளாம். எத்தனை ‘ஆம்’ விழுகிறது என்று எண்ணுங்கள். பேய் சம்பந்தப்பட்ட எல்லா இடங்களிலும் விழும். குளத்தடியில் அவள் ஜெசலைச் சுட்டிக் காட்டும்போது மிசிஸ் குறோஸ் பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபுளோராவும் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. முன்னுரையைத் திரும்பிப் பாருங்கள். ஒரு நத்தார் காலத்தில், ஒரு வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு டக்ளஸ் என்பவர் இந்தக் கதையைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து வாசிக்கிறார். எழுதிய ரீச்சர் இறந்து இருபது வருடம். நம் கையில் இருப்பதோ, அந்தப் பிரதியைப் பிறகு பெயர் தெரியாத ஒருவர் பார்த்து எழுதியது. ஆக, அவள் எழுதினாளாம் என்று டக்ளஸ் சொன்னாராம் என்று இவர் சொல்கிறார். மூன்று கை மாறியிருக்கிறது. கதை முடியும்போது அந்த நத்தார் வீட்டுக்கு நாம் திரும்பிப் போவதும் இல்லை. திறந்த படலையைச் சாத்த ஒருவரும் வரவில்லை. முன்னுரையைப் பாய்ந்துவிட்டு வாசிப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். பேய் நாவல்களில் முன்னுரையைப் பாயாதீர்கள்.

ஆனால் ‘ஆம்’ விழுந்தது என்பதற்காகப் பொய் என்று எடுக்கக்கூடாது. ஐயா கண்டதாகச் சொன்ன யானைகளில் பெரும்பாலானவை உண்மையான யானைகள்தான். அந்த ரீச்சரைப் பற்றி டக்ளஸ் நல்லபடியாகத்தான் சொல்கிறார். தன் தங்கைக்குப் படிப்பித்தவள், அந்த வேலையில் தான் கண்டவர்களில் மிக இனிமையானவள் என்கிறார். அதாவது பிளையில் அந்தச் சாவு நடந்த பிறகும் அவள் ஒழுங்காக வாழ்ந்திருக்கிறாள், ஒரு குடும்பம் அவளை நம்பிப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறது.

மூன்றாம் படி: கடைசிக் காட்சியை மூன்று தரம் வாசியுங்கள்

ஒரு தரம் பேய் உண்டு என்று நம்பி வாசியுங்கள். இன்னொரு தரம், பேய் இல்லை, பயந்துபோன ஓர் இளம் பெண் மட்டும்தான் அங்கே இருக்கிறாள் என்று வாசியுங்கள். மூன்றாம் தரம் இரண்டையும் மறந்துவிட்டு அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். நேரம் இல்லையென்றால் மூன்றாவதை மட்டுமாவது செய்யுங்கள்.

ரீச்சர் கத்தியதும் மைல்ஸ் முதலில் கேட்பது “அவள் இங்கே நிற்கிறாளா?” என்பதுதான். மிஸ் ஜெசலின் பெயரைச் சொல்கிறான். அவளில்லை என்கிறாள் ரீச்சர். பிறகுதான் “அவனா?” என்கிறான். யாரைச் சொல்கிறாய் என்று அவள் நெருக்குகிறாள். “பீற்றர் குவின்ற், பேயே!” என்கிறான். எங்கே என்று கேட்டுத் திரும்பிப் பார்க்கிறான். அமைதியான பகல் வெளிச்சம்தான் தெரிகிறது. ஒரு கதறல், அவ்வளவுதான்.

பேயை நம்பி வாசித்தால்: ரீச்சர் குவின்றின் பெயரை அந்த இடத்தில் உச்சரிக்கவில்லை, பிள்ளை தானே சொல்கிறான், ஆகவே அவனுக்கு முன்பே எல்லாம் தெரியும். நம்பாமல் வாசித்தால்: குளத்தடிச் சம்பவத்தை ஃபுளோரா போகும் முன் அவனிடம் சொல்லியிருக்கலாம், ஜெசலின் பெயர் முதலில் வந்தது அதனால்தான். அது பிழையென்றதும் மிஞ்சிய ஒரேயொரு பெயரைச் சொல்கிறான். பிள்ளையை மட்டும் பார்த்து வாசித்தால், பத்து வயதுப் பெடியன் ஒருவன், தன்னை இறுக்கிப் பிடித்திருக்கும் பெரியவள் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று தேடித் தேடிப் பார்ப்பது தெரியும். எனக்கு அந்த மூன்றாவது வாசிப்பில்தான் நெஞ்சு அடைத்தது.

“பேயே!” யாருக்கு? ஜன்னலில் நிற்பவனுக்கா, அணைத்திருப்பவளுக்கா? மூலத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாத விதத்தில்தான் இருக்கிறது. தமிழில் நாங்கள் மொழிபெயர்த்துப் பார்த்தபோது முதலில் ஒரு தம்பி ‘அடி பேயே’ என்று எழுதினான். ‘அடி’ என்ற ஒரு சொல்லில் நாவல் முடிந்துவிட்டது. ‘டேய்’ போட்டிருந்தால் மறுபக்கமாக முடிந்திருக்கும். மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். முடிவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைச் சில வேளை மொழிபெயர்ப்பாளர்தான் தீர்மானித்திருப்பார்.

கடைசி வரியில் இன்னொரு சொல். நின்றுபோன அந்தச் சின்ன இதயத்தை ஜேம்ஸ் ‘டிஸ்பொசெஸ்ட்’ என்கிறார். பிடித்திருந்த பேய் நீங்கியது என்றும் எடுக்கலாம், தன்னுடையதைப் பறிகொடுத்தது என்றும் எடுக்கலாம். ஒன்று விடுதலை, மற்றது இழப்பு. இரண்டையும் தாங்க ஒரு தமிழ்ச் சொல் தேடி நாங்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போகவே இல்லை. கடைசியில் சொன்னது அந்தப் போட்டோக்கொப்பித் தங்கச்சி.

“விடுபட்ட எண்டு போடலாமா சேர்? சிறையில இருந்து விடுபட்டவன் எண்டும் சொல்லுறம். பட்டியல்ல பேர் விடுபட்டுப்போச்சு எண்டும் சொல்லுறம்.”

விடுபட்ட இதயம். அதைவிட நல்லது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நான்காம் படி: ஒவ்வொரு விளக்கத்துக்கும் என்ன விலை என்று கணக்குப் பாருங்கள்

எந்த விளக்கமும் இலவசமில்லை. நீங்கள் சாயும் பக்கத்துக்கு எதிரான மிகப் பலமான ஆதாரத்தை நீங்களே தேடி எழுத வேண்டும். இதைச் செய்யாமல் விவாதத்துக்கு வரக்கூடாது என்று எங்கள் வட்டத்தில் விதியே வைத்திருக்கிறோம்.

பேய் இல்லை என்கிறவர்களுக்கு முன்னால் மலை போல நிற்பது ஒன்று: குவின்றை முன்பின் அறியாத ரீச்சர், தான் கண்டவனின் தோற்றத்தைச் சொல்கிறாள். செம்மயிர், சுருள், தொப்பி இல்லை, வேறொருவரின் உடுப்புப் போட்டதுபோல ஒரு தோரணை. கேட்டவுடன் மிசிஸ் குறோஸ் அது குவின்ற் என்கிறார். காணாத ஒருவனை எப்படி இவ்வளவு சரியாக வர்ணித்தாள்? 1934இல் எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், பேய்கள் ரீச்சரின் அடக்கிய மனத்தில்தான் இருக்கின்றன என்று விரிவாக எழுதியபோது, எதிர்த்தவர்கள் தூக்கிப் பிடித்தது இந்த இடத்தைத்தான். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். இளமையும் அழகும் உள்ளவர்களை விரும்பிய ‘அவரை’ப் பற்றி மிசிஸ் குறோஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டு, எசமானைத்தான் சொன்னேன் என்று மாற்றுகிறார். வேறொரு ஆண் அங்கே இருந்திருக்கிறான் என்ற பொறி அவள் மனத்தில் அப்போதே விழுந்திருக்கலாம். அது செம்மயிரைச் சொல்லித் தராது, உண்மைதான். விலை குறையும், தீராது.

பேய் உண்டு என்கிறவர்கள் கொடுக்க வேண்டிய விலை, குளத்தடியில் பக்கத்தில் நின்றவரும் காணவில்லை என்பது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்னக் காட்சி. ஜன்னலுக்கு வெளியே குவின்றைக் கண்டதும் ரீச்சர் வெளியே ஓடிப்போய், அவன் நின்ற அதே இடத்தில் நின்று, அவனைப் போலவே கண்ணாடியால் உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் அறைக்குள் வந்த மிசிஸ் குறோஸ், ஜன்னலில் முகத்தைக் கண்டு வெளிறிப்போகிறார். அந்த வீட்டில் ரீச்சரைத் தவிர இன்னொருவர் ஜன்னலில் கண்டு பயந்ததாக நமக்குக் காட்டப்படும் ஒரே முகம் ரீச்சரின் முகம்.

இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் கடன் மிஞ்சும். மிஞ்ச வேண்டும் என்றுதான் ஜேம்ஸ் கட்டியிருக்கிறார். எந்தப் பக்கத்துக் கடன் உங்களுக்குத் தாங்கக்கூடியது என்பதே நீங்கள் சொல்லப்போகும் விளக்கம்.

ஐந்தாம் படி: உங்கள் ஊர்ப் பேயைக் கொண்டு வாருங்கள், ஆனால் அடையாளம் போட்டு வையுங்கள்

‘அது ஆங்கிலேயப் பேய், எங்கள் நம்பிக்கையைக் கலக்கக்கூடாது’ என்று நான் முதலில் நினைத்தேன். அது பிழை. வன்னியில் வளர்ந்த ஒரு பிள்ளை இந்தக் கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது லண்டன் விமர்சகர் காணாத ஒன்றைக் காண்கிறது. “சேர், இது கழிப்பு எல்லோ?” என்றான் ஒரு பெடியன். பேய் பிடித்தவரை இருத்தி, நீ யார், பேரைச் சொல் என்று பூசாரி நெருக்குவதையும், பேர் சொன்னால் பேய் இறங்கிவிடும் என்பதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ரீச்சர் செய்வதும் அதுதானே. விடாமல் பெயரைக் கேட்கிறாள். பெயர் வந்ததும் வென்றுவிட்டதாக நினைக்கிறாள். அவன் இன்னும் ஒரு படி போனான்: கழிப்பில் பேசுவது பிடிபட்டவரில்லை, பிடித்த பேய். அப்படியென்றால் ‘பீற்றர் குவின்ற்’ என்றது தன் பேரைச் சொல்லும் பேயாகவும், ‘பேயே’ என்றது அவளைத் திட்டும் பிள்ளையாகவும் இருக்கலாமே? ஒரே மூச்சில் இரண்டு குரல். வாயடைத்துப் போனேன்.

இதைக் கொப்பியில் எங்கே எழுதுவது? மூன்றாம் நிரலில். அது எங்கள் ஊர் கொடுத்த வெளிச்சம், ஜேம்ஸ் எழுதியதில்லை. அதோடு கழிப்பு முடிந்தால் ஆள் எழும்பித் தண்ணீர் கேட்கும். இங்கே பிள்ளை எழும்பவில்லை. பொருந்தாத அந்த இடத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அது நேர்மையான விளக்கம்.

எந்த வகைக் கதைக்குள் நிற்கிறோம் என்பதும் முக்கியம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை எடுங்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வருகிறாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லையென்றால் கடல் தண்ணீரை விட்டு ஏற்றச் சொல்கிறாள், எரிகிறது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். பிறகு ஆளைக் காணவில்லை. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு அங்கே கடல்நீரில் விளக்கு ஏற்றுகிறார்கள். சம்பவத்தை மட்டும் பார்த்தால் இது எந்தப் பேய் நாவலையும்விட மயிர்க்கூச்செறியும் கதை. ஆனால் இங்கே ஒருவரும் ‘சிறுவர்கள் மயங்கிப் பார்த்தார்களோ’ என்று கேட்பதில்லை. கிழவி மறைந்ததுதான் அவள் யார் என்பதற்குப் பதில். கோயில் கதையில் மறைவு பதிலாகிறது, திகில் நாவலில் அதே மறைவு கேள்வியாகிறது. 1970இல் தொதரோவ் என்ற அறிஞர், இயற்கையான விளக்கத்துக்கும் இயற்கை கடந்த விளக்கத்துக்கும் இடையில் வாசகர் தயங்கி நிற்கும் நேரம்தான் இந்த வகை இலக்கியத்தின் உயிர் என்று எழுதினார். எங்கள் ஊரில் அதை இரண்டு விளக்கை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்: கோயிலில் எரியும் கடல்நீர் விளக்கு, மைல்ஸின் அறையில் அணைந்துபோன மெழுகுதிரி. பேய்க்காற்று அணைத்தது என்று ரீச்சர் நடுங்கும்போது “நான்தான் ஊதினேன்” என்கிறான் பிள்ளை. உண்மையா, மறைக்கிறானா? அங்கே நின்று தயங்குங்கள்.

ஆறாம் படி: எழுதியவரைக் கடைசியில் கேளுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் நேரம் செலவிடத் தேவையில்லை. கன்ரபரிப் பேராயர் பென்சன் சொன்ன ஒரு பேய்க்கதையின் சாரத்தை ஜேம்ஸ் 1895 ஜனவரியில் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அதில் பேய்கள் பேய்களே. 1908இல் வந்த தொகுப்பின் முன்னுரையில், தீமை இன்னதென்று தான் சொல்லாமல் விட்டதே வாசகர் தானாக அதை நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக என்கிறார். முதலாவது ஒரு பக்கம், இரண்டாவது இரண்டு பக்கத்துக்கும். தழுவல்களையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 1954இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இதை ஒப்பெரா என்ற இசை நாடகமாக்கியபோது பேய்கள் மேடையில் நின்று பாடின. பாடும் பேயை இல்லை என்று யார் சொல்வது? அது பிரிட்டனின் முடிவு.

ஏழாம் படி: சேர்ந்து கதைக்கும்போது யாரையும் பக்கம் சேரச் சொல்லாதீர்கள்

இது என் பிழையிலிருந்து வந்த படி. முதல் நாள் விவாதத்தில் நான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன்: இருக்கு, இல்லை, எது? தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். தெரியவில்லை என்றார். ‘தெரியாது எண்டு சொல்லேலாது அக்கா, ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ’ என்று நான் விடவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அவருடைய தம்பி 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது போய் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டும் கேட்டேன். இருக்கிறானா இல்லையா என்பதற்கு ஒரு பதிலைச் சொல்லு என்று எத்தனை பேர் எத்தனை படிவத்தோடு அவரிடம் வந்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைத் தம்பி” என்றுவிட்டு ஒன்று சொன்னார்.

“நீங்கள் எல்லாரும் பேய் இருக்கோ இல்லையோ எண்டு சண்டை பிடிச்சியள். அந்தப் பிள்ளை செத்துப்போச்சு. அதை ஒருத்தரும் கதைக்கேல்லை.”

முதல் படியில் ‘சந்தேகமே இல்லாததை எழுதுங்கள்’ என்றேனே, அது அன்றைக்கு அக்காவிடமிருந்து வந்ததுதான். நூறு வருடத்துக்கு மேலான வாதத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரே உண்மை அதுவே, அதை நாங்கள் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே வன்னியில் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். ‘தெரியவில்லை’ என்பதை முழுமையான விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். வேதாளம் கேட்ட கதைகளில் கடைசிக் கதை நினைவிருக்கும். ஒரு தகப்பன் வேறொரு பெண்ணின் மகளையும், அவனுடைய மகன் அந்தப் பெண்ணையும் கட்டிக்கொண்டால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன முறை என்று கேட்கிறது. அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி வேதாளத்தை மரத்துக்குத் திரும்பவிட்ட விக்கிரமாதித்தனுக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்த முறைதான் வேதாளம் அவன் தோளை விட்டுப் போகவில்லை.

நடைமுறையில் நாங்கள் செய்வது: வட்டம் தொடங்கும்போது, இந்தக் கதையில் பிள்ளைச் சாவு வருகிறது என்று முதலே சொல்லிவிடுவோம். கையை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை எடுப்பதில்லை. ‘நீங்கள் எந்தப் பக்கம்’ என்பதற்குப் பதிலாக ‘எந்த வரியில் நின்றுவிட்டீர்கள்’ என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. பேசாமல் இருக்கும் பிள்ளைகூட விரலை வைத்து வரியைக் காட்டும்.

எட்டாம் படி: ஒரு தாளில் எழுதித் திகதி போடுங்கள்

விவாதம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். கால் பக்கம் போதும். எந்தப் பக்கம் சாய்கிறேன், எந்த வரி சாய வைத்தது, எந்தக் கடன் இன்னும் தீரவில்லை. பெயரும் திகதியும் போட்டு உறைக்குள் வைத்து ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாசித்து, புதுத் தாள் எழுதி, அதன் பிறகுதான் பழைய உறையைத் திறக்க வேண்டும். முதலே திறந்தால் பழைய ஆளின் கருத்தைக் காப்பாற்றவே மனம் பார்க்கும்.

என் முதல் தாளில் ‘பேய் உண்டு, செம்மயிர்தான் சாட்சி’ என்றிருந்தது. இரண்டாவதில், ரீச்சர் எதையோ கண்டாள், பிள்ளை ஒன்றையும் காணவில்லை, அவளுடைய பயத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் போனான் என்று எழுதியிருக்கிறேன். செம்மயிர்க் கடன் அதில் தீராமல் அப்படியே கிடக்கிறது. ‘அடி பேயே’ எழுதிய தம்பி இப்போது முழுதாக மறுபக்கம் போய்விட்டான். ஐயா தன் தாளில் ஒரே வசனம் எழுதியிருந்தார்: விடியவில்லை, காலடி பார்க்கவில்லை. அக்காவின் உறையை அவர் தானே வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மாசியில் அரிவு வெட்டு முடிந்ததும் மூன்றாம் தாள் எழுதக் கூடுகிறோம். இந்த முறை போட்டோக்கொப்பியில் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு ஒரு வெற்றுத் தாளும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.